ஓர்த்தோனாவில் கேட்டது

யாங்கோன், லத்தா
மார்ச் 2

வருங்கால சிஸ்டர் ஹன்னாவும் நிகழ்கால அக்கா ஹன்னாவும் ஆகிய உனக்கு, எக்காலத்திலும் தங்கையாகிய ஜாஸ்லின் எழுதிக்கொள்வது.

அப்பா நலம். அம்மா நலம். பிரான்சிஸ் மாமா தேவைக்கு மேல் நலம். மின்சாரம்தான் சுகமில்லாமல் கிடக்கிறது. வருகிறது, எட்டிப் பார்க்கிறது, போய்விடுகிறது. உங்கள் பெஸ்காரா மடத்தில் உன் நலம் எப்படி?

மாதத்தின் முதல் ஞாயிறு நீ மடத்து போனில் பேசும்போது ஸ்பீக்கரைச் சுற்றி இங்கே மூன்று பேர் மொய்க்கிறார்கள். மிட்டாய்க்கு எறும்புகூட இத்தனை ஒழுங்கில்லாமல் வராது. என் பங்குக்குக் கிடைப்பது "நல்லா இருக்கியா", "நல்லா இருக்கேன்". உனக்குக் கைபேசி கிடையாது. ஆகவே கடிதம். பர்மியத்தில் என்றால் கை பறக்கும். ஆனால் தமிழில் எழுதினால்தான் பதில் என்று விமான நிலையத்தில் சட்டம் போட்டுவிட்டுப் போனவள் நீ. ஞாயிறு தமிழ் வகுப்பில் நான் தூங்காத நாட்களில் கற்ற அத்தனை எழுத்தும் இந்தத் தாளில் இருக்கிறது. தவறு இருந்தால் அது தூங்கிய நாள்.

செப்டம்பர் எட்டாம் தேதி நீ கன்னியாஸ்திரியாக உறுதிமொழி கொடுக்கும் வார்த்தைப்பாடு என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். கீழ்மாடி டோ சானுக்குக் கன்னியாஸ்திரி என்றால் என்னவென்று அரைமணி நேரம் விளக்கினாள். டோ சான் எல்லாம் கேட்டுவிட்டு, எங்கள் பிக்குணி மாதிரிதானே, தலை மட்டும் மொட்டை இல்லை, என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார். அன்றைக்குத் தெருவுக்கே டான்பாவ் பிரியாணி போடப்போகிறோம். தாலி வேண்டாமென்று இத்தாலிக்குப் போனவளுக்கு எங்கள் செலவில் கல்யாணச் சாப்பாடு.

இத்துடன் வரும் தனக்கா டப்பாவை மூக்கிலிருந்து தள்ளிவைத்துத் திற. காரணம் பிறகு சொல்கிறேன்.

ஒரு வேண்டுகோள். இரண்டு வருடமாக நீ எழுதுவதெல்லாம் மணி அடித்தது, செபித்தோம், மறுபடி மணி அடித்தது. கடல் பக்கத்தில் இருக்கிறாயாம். எங்கேயாவது போய்ப் பார்த்துவிட்டு எழுது.

முத்தங்கள், தபால் தலையில் ஒட்டும் அளவுக்கு,
ஜாஸ்லின்


பெஸ்காரா
ஏப்ரல் 5

சேசுவுக்கே புகழ்.

அன்புத் தங்கை ஜாஸ்லினுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே சுகம். வீட்டில் எல்லாரும் சுகமா? உனக்கு மூச்சு எப்படி இருக்கிறது? வெயில் காலத்தில் தூசி அதிகம், லத்தா சந்தைப் பக்கம் போகும்போது மூக்கை மூடிக்கொள்.

உன் டப்பா வந்தது. நான் தோட்டத்தில் இருந்தேன். தனக்கா பூசினால் முகம் குளிரும் என்று நான் எப்போதோ சொன்னதை நினைவில் வைத்திருந்த எங்கள் சிஸ்டர் அசுந்தா, எழுபது வயதுக்காரர், ஆசையோடு திறந்து இரண்டு விரலால் எடுத்துக் கன்னத்தில் தேய்த்துவிட்டார். உள்ளே இருந்தது அம்மா வறுத்த பலாச்சாங் என்று அவருக்கு எப்படித் தெரியும். இறால் தூளும் மிளகாயும் கன்னத்தில் எரிய, அவர் கூச்சலிட்டு ஓடிவந்ததைப் பார்த்து மடமே வராந்தாவுக்கு வந்துவிட்டது. நீ செய்தது பாவம். ஆனால் கழுவும்போது கொஞ்சம் அவர் உதட்டில் பட்டிருக்கிறது. இப்போது தினமும் ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிறார். டப்பா பாதி காலி.

நீ கேட்டதற்கு ஒரு செய்தி. வார்த்தைப்பாட்டுக்கு முன் எங்கள் ஒவ்வொருவருக்கும் விருப்பமான ஊருக்கு ஒரு நாள் போய்வர அனுமதி உண்டு. மற்றவர்கள் ரோம் கேட்டார்கள். நான் ஓர்த்தோனா கேட்டேன். இங்கிருந்து ரயிலில் கொஞ்ச தூரம்தான், கடலோரப் பழைய ஊர். தோமையாரின் எலும்புகள் அங்கே ஒரு பேராலயத்தின் நிலவறையில் இருக்கின்றன. ஏன் ரோம் வேண்டாம் என்று மதர் கேட்டார். ரோமில் கூட்டம் அதிகம் என்று சொன்னேன்.

மழை தொடங்கும் முன் டாக்டரிடம் ஒருமுறை நெஞ்சைக் காட்டிவிடு. மறக்காதே.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்.
ஹன்னா


யாங்கோன்
ஏப்ரல் 28

ரொட்டியில் பலாச்சாங் தடவும் திருச்சபையில் வாழும் அக்காவுக்கு,

நான் நலம், நெஞ்சு நலம், நெஞ்சுக்குள் இருக்கும் நுரையீரல் இரண்டும் தனித்தனியே நலம். போதுமா? போனில் அதையே கேட்கிறாய், கடிதத்திலும் அதையே கேட்கிறாய். எனக்குக் கடைசியாக மூச்சிரைப்பு வந்து மூன்று வருடம் ஆகிறது. நேற்று சூலே பகோடாவிலிருந்து வீடு வரைக்கும் பஸ்ஸோடு போட்டி போட்டு ஓடி வந்தேன். பஸ் தோற்றது. பஸ்ஸுக்கு டீசல் இல்லை என்பது வேறு விஷயம்.

நீ தோமையாரைப் பார்க்கப் போகிறாய் என்று சொன்னதும் பிரான்சிஸ் மாமாவுக்குக் குஷி வந்துவிட்டது. ஈஸ்டர் சாப்பாட்டில் எல்லாருக்கும் அந்தக் கியாக்தான் கதையை மறுபடி சொன்னார். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் அவர் இந்த வருடம் சேர்த்த புது மசாலாவுக்காக எழுதுகிறேன்.

எட்டு மாதக் குழந்தையான நான் மூச்சு விடத் திணறிக் கிடக்கிறேன். டாக்டர் கையை விரித்துவிட்டார். கியாக்தான் பக்கத்துத் தமிழர் ஊரில் இருக்கும் தோமையார் சிற்றாலயத்துக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே வழக்கம் இதுதானே: பிள்ளையைப் பீடத்துப் படியில் கிடத்தி, இது இனிமேல் உம்முடைய பிள்ளை என்று தோமையாருக்குக் கொடுத்துவிட வேண்டும். பிறகு ஒரு சேவலைக் கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். தன் பிள்ளை என்றால் சாமி சாகவிட மாட்டார், நாம் வளர்க்க மட்டும் வாங்கி வருகிறோம் என்று கணக்கு. என்னைக் கிடத்தியாயிற்று. சேவலைப் பிடித்துக்கொண்டு நின்றது நீ, ஐந்து வயது. சேவல் உன் கையில் கொத்த, நீ விட, அது ஜன்னல் வழியாகப் பறந்து நாணல் காட்டுக்குள் போயே போய்விட்டது. (புது மசாலா: போகும்போது உபதேசியாரின் தலையில் கால் வைத்துவிட்டுப் போனதாம்.) மாமா உன்னைப் பார்த்துச் சொன்னார்: "சேவலை விட்டவதான் இனிமே சேவலுக்குப் பதில். தோமையார் என்னைக்காவது வந்து உன்னைக் கேப்பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும் விட அதிகமாக மாமாவே சிரித்தார். இப்போது நீ கன்னியாஸ்திரி ஆவதால் கதைக்குத் தங்கமான முடிவு கிடைத்துவிட்டது என்று சொல்கிறார்.

தோமையாரிடம் என் வணக்கத்தைச் சொல். நான் நன்றாக இருப்பதையும் சொல், அவர் முதலீடு வீணாகவில்லை.

கொக்கரக்கோ,
ஜாஸ்லின்


பெஸ்காரா
மே 12

சேசுவுக்கே புகழ்.

அன்புத் தங்கைக்கு, நான் சுகம். உன் மூச்சு, அம்மாவின் முட்டிவலி, அப்பாவின் கண் எல்லாம் எப்படி?

ஓர்த்தோனா போய்வந்தேன். துணைக்கு சிஸ்டர் அசுந்தா வந்தார். நம் யாங்கோன் சுற்று ரயில் மாதிரி கதவு திறந்து கிடக்கும், கீரைக்கட்டோடு ஆட்கள் ஏறுவார்கள் என்று நினைத்துவிடாதே. கதவு தானே மூடிக்கொள்கிறது. ஜன்னல் திறக்காது. சிஸ்டர் ஏறியதும் ரொட்டியை எடுத்தார், தின்றார், தூங்கினார். இடது பக்கம் முழுக்கக் கடல். நம் கடலைப்போல மண் கலந்தது அல்ல, நீலச் சாயம் கரைத்துவிட்டதுபோல. சில இடங்களில் ரயில் சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வரும். ஒவ்வொரு தடவையும் கடல் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன், இருந்தது.

நிலையம் துறைமுகத்தின் பக்கத்தில் கீழே இருக்கிறது. ஊர் மேலே, பாறை உச்சியில். ஏறும் வழியெல்லாம் சிஸ்டர் தோமையாரைச் செல்லமாகத் திட்டிக்கொண்டே வந்தார், தட்டையான ஊரில் அடக்கமாகியிருக்கக் கூடாதா என்று. மேலே ஒரு கோட்டை இருக்கிறது. பாதி உடைந்து கடல் பக்கம் சரிந்துவிட்டது. மீதிப் பாதியின் சுவரில் கையூன்றிப் பார்த்தால் தெற்கே தூரத்தில், கடலுக்குள் மரக்கால்களை ஊன்றி நிற்கும் மீன்பிடிக் குடில் ஒன்று. அதிலிருந்து பெரிய வலை தொங்குகிறது. த்வாண்டே கால்வாயில் தூக்குவலை போடுவார்களே, அதன் அண்ணன் என்று வைத்துக்கொள்.

பெரிய போரில் இந்த ஊர் தரைமட்டமானதாம். பேராலயத்தையும் அதற்குப் பிறகு கட்டி எழுப்பியிருக்கிறார்கள். பழைய கல்லும் புதிய கல்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். யாங்கோன், ஆனால் தமிழர் என்று சொன்னேன். அப்படியானால் நீ எங்களிடம் வரவில்லை, உன் ஊர்க்காரரைப் பார்க்க வந்திருக்கிறாய் என்றார். மயிலாப்பூரில் உயிரை விட்டவர், அங்கிருந்து எங்கெங்கோ போய், ஒரு தீவில் இருந்து, கடைசியில் ஒரு கப்பல் தலைவன் கையில் இங்கே வந்து சேர்ந்தாராம். நம் பாட்டன்கள் கப்பல் ஏறிய கதையை விட நீளம். அவரிடமும் யாரும் விருப்பம் கேட்டிருக்க மாட்டார்கள்.

கீழே கல்லறைக்குப் போய்ச் செபித்தேன்.

பிறகு சிஸ்டர் பொரித்த மீன் வாங்கித் தந்தார். காகிதக் கூம்பில் சின்னச் சின்ன மீன், முள்ளோடு மெல்லலாம். எங்கள் ரயிலைத் தவறவிட்டுவிட்டோம், நான் நிலவறையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டதால். அடுத்த ரயில் வரும் வரை நடைமேடையில் உட்கார்ந்திருந்தோம். சிஸ்டர் மீனை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

நல்ல நாள். மனசு லேசாக இருந்தது.

உன் நெஞ்சைப் பார்த்துக்கொள்.
ஹன்னா


யாங்கோன்
மே 31

துப்பறியும் ஜாஸ்லின் தன் அக்காவுக்கு எழுதும் விசாரணைக் கடிதம்.

வீட்டார் நலம். முதல் மழை விழுந்துவிட்டது, தெருவில் முழங்கால் தண்ணீர், அதிலே செருப்புகள் ஓர்த்தோனா நோக்கிப் போகின்றன. உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மீன் வரை கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அடுப்படியில் பாத்திரம் ஒன்றும் உருளவில்லை, ஆனால் வெகுநேரம் வரவில்லை.

இப்போது வழக்குக்கு வருவோம். ரயில் ஜன்னலுக்கு ஒரு பத்தி. உடைந்த கோட்டைக்கு ஒரு பத்தி. தோமையாருக்கு, யாருக்காகப் போனாயோ அவருக்கு, ஒரே வரி. "போய்ச் செபித்தேன்." அக்கா, ஒரு வரிச் செபத்துக்கு யாரும் ரயிலைத் தவறவிட மாட்டார்கள். நீ பரலோக மந்திரத்தை எத்தனை வேகமாகச் சொல்வாய் என்று எனக்குத் தெரியும், உன் பக்கத்தில்தான் பதினான்கு வருடம் முழங்காலில் நின்றிருக்கிறேன்.

அங்கே என்ன பேசினாய்? மனசு லேசாக இருந்தது என்கிறாய். அதற்கு முன் எது கனமாக இருந்தது?

என்னிடம் சொன்னால் வெளியே போகாது. குறும்பு செய்பவர்களுக்கு ரகசியம் காக்கத் தெரியும், இல்லாவிட்டால் தொழில் நடக்காது.

நாளை முதல் ஞாயிறு. போனில் சந்திப்போம். நீ மறுபடி மூச்சைப் பற்றிக் கேட்டால் உனக்கு ஒரு பரிசு வைத்திருக்கிறேன்.

ஜாஸ்லின்


பெஸ்காரா
ஜூன் 5

சேசுவுக்கே புகழ்.

ஜாஸ்லினுக்கு,

அந்த இருமல் எப்போதிலிருந்து? மூச்சு இழுக்கும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது, சின்ன வயதில் கேட்ட அதே சத்தம். அதோடு லைன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டும் கிடைக்கவில்லை. உடனே அப்பாவோடு போய் நெஞ்சைப் படம் எடுத்துப் பார். தள்ளிப்போடாதே.

நான் தோமையாரிடம் ஒன்று கேட்டிருந்தேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டு ஒரு மாதம் ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். இனி பயமில்லை, உனக்கு ஒன்றும் ஆகாது.

செப்டம்பரில் வார்த்தைப்பாடு கொடுக்கிறேன். மதரிடம் உறுதியாகச் சொல்லிவிட்டேன். அதுவரை மௌனமாக இருக்க வேண்டும், போன் வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். ஆகவே அடுத்த ஞாயிறுகளில் என்னைத் தேட வேண்டாம்.

இங்கே சுகம். மழையில் நனையாதே.

ஹன்னா


யாங்கோன்
ஜூலை 8

என் அக்காவுக்கு,

வேடிக்கைத் தொடக்கம் எதுவும் இன்று வரவில்லை, மன்னித்துக்கொள். முதலில் தலையான செய்தி: எனக்கு ஒன்றுமில்லை. எனக்கு இருமலே வரவில்லை. அது நடிப்பு.

எப்போதும் மூச்சையே கேட்கிறாய் என்று உன்னைச் சீண்ட, ஒரு வாரம் குளியலறையில் பயிற்சி எடுத்தேன். நீ கேட்டதும் தொடங்கினேன். மாமா கைதட்டினார். நான் "ஏமாந்தியா" என்று சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் மின்சாரம் போய், கூடவே லைனும் போய்விட்டது. நீ இளைப்பைக் கேட்டாய், ஏமாந்தியாவைக் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். என் ஜோக்குகளிலேயே பாதியில் நின்றது அது ஒன்றுதான்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். "உனக்கு ஒன்றும் ஆகாது" என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தேன். நீ எதைக் கேட்டிருப்பாய், எதைத் திரும்ப எடுத்திருப்பாய் என்று அப்போதுதான் புரிந்தது. ஹன்னா, நீ சாமி கூப்பிட்டுப் போகவில்லை. சேவலுக்குப் பதிலாகப் போயிருக்கிறாய். நீ போகாவிட்டால் தோமையார் என்னைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று இத்தனை வருடமாக நம்பிக்கொண்டு இருந்திருக்கிறாய். மடத்துக்குப் போகிறேன் என்று நீ அம்மாவிடம் சொன்ன மழைக்காலத்தோடு என் மூச்சிரைப்பு நின்றது. அதையும் கணக்கில் சேர்த்திருப்பாய். டாக்டர் அப்பாவிடம் அதற்கு முன்பே சொல்லியிருந்தார், வளர வளரப் போய்விடும் என்று. அதை உன்னிடம் யாரும் சொல்லவில்லை.

யாரும் சொல்லாதது அது மட்டுமில்லை. கேள்.

நேராக மாமா உட்காரும் டீக்கடைக்குப் போனேன். அவர் கூட்டாளிகளோடு லப்பேயே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்தச் சேவல் கதைக்கு மீதி என்ன?"

"மீதி என்னடி மீதி? சேவல் போச்சு, எல்லாரும் சிரிச்சோம்."

"அப்ப என்னைச் சாமிகிட்ட கொடுத்தது கொடுத்தபடி கெடக்கா?"

"அடிப் பைத்தியமே. மறு வாரமே உங்கப்பா ரெண்டு சேவலோட போயி மீட்டுட்டு வந்தாரே. ஒண்ணு ஓடுனா இன்னொண்ணு இருக்கட்டும்னு."

"அதை ஏன் எப்பவும் சொல்ல மாட்டேங்குற?"

மாமா உண்மையாகவே யோசித்தார். பிறகு சொன்னார்: "அதுல என்ன சிரிப்பு இருக்கு?"

அவ்வளவுதான் அக்கா. இரண்டாவது பாதியில் சிரிப்பு இல்லை, அதனால் அது சொல்லப்படவில்லை. அப்பா இரண்டாம் தடவை போனபோது நீயும் நானும் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தோம். ஐந்து வயதுப் பிள்ளையிடம் போய், கணக்குத் தீர்ந்தது என்று யார் சொல்வார்கள்? சந்தேகப்படுவதற்கே பேர் போன தோமையாரிடம் போய், துளிச் சந்தேகம் இல்லாமல் பிரான்சிஸ் மாமாவை நம்பியவள் உலகத்தில் நீ ஒருத்திதான் இருப்பாய்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். அம்மா அரிந்துகொண்டிருந்த புளிச்சக்கீரையை அப்படியே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"இதுக்காகவாடி போனா? சாமி கூப்பிட்டுப் போறான்னு நெனச்சேன். அழைத்தலைத் தடுத்தா பாவம்னு வாயைத் தெச்சுக்கிட்டு இருந்தேனே. ஒரு நாளாச்சும் போகாதடின்னு சொல்லியிருப்பேனே."

இரண்டு வருடமாக ஊரெல்லாம் பெருமை பேசினாளே, அதெல்லாம் அடுப்படிக்கு வெளியேதான். உள்ளே எப்படி இருந்தாள் என்று நான் இப்போதுதான் கவனிக்கிறேன். என்னைத் துப்பறிவாளர் என்று சொல்லிக்கொண்டது தப்பு.

அப்பா சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார். "அவளுக்கே பிடிச்சிருந்தா இருக்கட்டும், சந்தோஷம். எங்களுக்காக, இவளுக்காகன்னா வேண்டாம். மீட்டாச்சு. என் கையால மீட்டேன்."

நீ யாருக்கும் பாக்கி இல்லை. இந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று தோமையாரிடம் கேட்டிருக்கிறேன். பதிலுக்கு எதையும் கொடுப்பதாகச் சொல்லவில்லை.

நீ நலமா? நிஜமாகக் கேட்கிறேன்.

ஜாஸ்லின்


யாங்கோன்
ஆகஸ்டு 12

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதுவது வழக்கம். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. அப்பா தபால்காரரைத் தெருமுனையிலேயே போய்ப் பார்க்கிறார். மாமா வீட்டுப் பக்கம் வந்தால் கதை எதுவும் சொல்வதில்லை. அதுதான் பார்க்கவே பயமாக இருக்கிறது.

என் கடிதம் கிடைத்ததா? உன் மடத்துக்கு இரண்டு தடவை போன் போட்டேன். ஒரு அம்மாள் எடுத்துப் "ப்ரோந்தோ, ப்ரோந்தோ" என்றார். எனக்கு இத்தாலியன் தெரியாது. ஹன்னா, ஹன்னா என்றேன். அவர் நீளமாக ஏதோ சொல்லி, உதட்டில் விரல் வைத்துக் காட்டுவதுபோல "ஷ்ஷ்" என்றார். வாயாடி என்று பேர் வாங்கியவள் வாயில் ஒரு வார்த்தை இல்லாமல் போனை வைத்தேன். அவசரம் என்ற சொல்லை மட்டும் படித்துக்கொண்டு கூப்பிடலாம் என்றால், யாரோ செத்துப்போனார்கள் என்று உனக்குச் சொல்லிவிடுவார்களோ என்று அப்பா தடுத்துவிட்டார்.

செப்டம்பர் எட்டுக்கு இன்னும் நாளிருக்கிறது. நீ கொடுக்கப்போகும் வார்த்தை உன்னுடையதாக இருந்தால் நான் முதல் வரிசையில் நின்று கைதட்டுகிறேன். இல்லாவிட்டால் ஒரு வரி போடு. ஒரே வரி. இந்தத் தடவை குறை சொல்ல மாட்டேன்.

ஜாஸ்லின்


பெஸ்காரா
ஆகஸ்டு 18

சேசுவுக்கே புகழ்.

என் ஜாஸ்லினுக்கு, அம்மாவுக்கு, அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். இந்தச் சொல்லை இன்று எழுதும்போது பேனா நிற்கவில்லை.

மௌனத்தில் இருப்பவர்களுக்கு வரும் கடிதங்களை அலுவலக அறையில் ஒரு தட்டில் போட்டு வைப்பார்கள், காலம் முடிந்ததும் தருவார்கள். உன் ஜூலைக் கடிதம் அங்கேதான் கிடந்தது. சிஸ்டர் அசுந்தாவின் பலாச்சாங் தீர்ந்துபோய் நாளாகிவிட்டது. யாங்கோன் தபால் தலையைப் பார்த்ததும், உள்ளே பொட்டலம் ஏதாவது உண்டா என்று உறையை அமுக்கிப் பார்த்திருக்கிறார். கனமாக இருந்ததாம். எடுத்துக்கொண்டு நேராக என் அறைக்கு வந்து நீட்டினார். தின்ன ஒன்றும் இல்லை என்று உறையைப் பிரித்துக் காட்டிவிட்டு, நான் உதடு திறக்காமல் வாசிக்கத் தொடங்கினேன். மாமா டீக்கடையில் சொன்ன இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மௌனம் அங்கேயே கலைந்தது. சிரிப்பு நிற்கவில்லை, பிறகு அது அழுகையானது, அதுவும் நிற்கவில்லை. சிஸ்டர் பாவம், இறால் தூள் வராததற்கு இவள் இவ்வளவு அழுகிறாளே என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

ஓர்த்தோனாவில் என்ன கேட்டேன் என்று விசாரித்தாயே. சொல்கிறேன். தங்கப்பூச்சுப் பேழைக்கு முன்னால் உட்கார்ந்து, என்னை விட்டுவிடும் என்று கேட்டேன். என்னால் இந்த வாழ்க்கை முடியவில்லை, நான் வீட்டுக்குப் போகிறேன், ஆனால் அதற்காக அவளை எடுத்துக்கொள்ளாதேயும் என்று. அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் ரயில் போய்விட்டது. சொல்லி முடித்து மேலே வந்தபோது வெயிலும் கடலும் எனக்கே எனக்கு என்று இருந்ததுபோல இருந்தது. மூன்று வாரம் அப்படி இருந்தேன். பிறகு போனில் நீ இருமினாய்.

உன்மேல் கோபம் இருக்கிறது. பழைய கோபங்களோடு வைத்திருக்கிறேன், வந்து மொத்தமாகத் தருகிறேன்.

மதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு இத்தாலியனில் சேவலுக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை, கூவிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கடன் என்று நினைத்து ஒரு பெண் வார்த்தைப்பாடு கொடுத்தால் அதை நான் வாங்க முடியாது, கடவுளும் வாங்க மாட்டார் என்றார். கடன் இல்லை என்று தெரிந்த பின் என்ன விரும்புகிறாய், அவசரமில்லை, ஒரு வாரம் யோசி என்றார். எனக்கு ஒரு வாரம் தேவைப்படவில்லை. ஆனாலும் மரியாதைக்காக ஒரு வாரம் காத்திருந்தேன்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி, எங்கள் சபையின் யாங்கோன் மடத்துக்கு மாற்றலாகி வரும் ஒரு சிஸ்டரோடு வருகிறேன். இந்தக் கடிதத்தையும் அவசரமாக, இங்கிருந்து நாளை புறப்படும் இன்னொருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவிடம் சொல்: இரண்டு சேவலுக்கு நன்றி.

ஹன்னா


யாங்கோன், லத்தா
மூன்றாம் மாடி, ஜன்னல் பக்கத்துக் கட்டில்
செப்டம்பர் 9

பெறுநர்: சுவர்ப் பக்கத்துக் கட்டில், அதே அறை.

வந்துகொண்டிருக்கும் அக்காவுக்கு,

இந்தக் கடிதத்துக்குத் தபால் தலை ஒட்டவில்லை. நீ வந்து படுக்கும்போது தலையணைக்குக் கீழே குத்தும், அப்போது எடுத்துக்கொள். இடைப்பட்ட நாட்களில் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்று அம்மா மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டாள். எண்ணவில்லை, பார்த்தாலே தெரிந்தது. அப்பா அதை வாங்கித் தனியாக ஒருமுறை வாசித்தார், பிறகு மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தன் கடைக்குப் போனார். அங்கே மசாலா மூட்டைகளுக்கு நடுவில் நின்று எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். எதற்கு என்று கேட்டதற்கு மழை விட்டதற்கு என்றாராம். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்தது பெரிய சிக்கல். செப்டம்பர் எட்டு டான்பாவுக்குத் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. அரிசிக்கும் கோழிக்கும் சொல்லியாயிற்று. வார்த்தைப்பாடு இல்லாமல் வார்த்தைப்பாட்டு விருந்து எப்படி? மாமா, எல்லாரிடமும் போய் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், நான்தானே இதற்கெல்லாம் காரணம், என்று எழுந்தார். அம்மா உட்காரச் சொன்னாள். "சொன்னது சொன்னதுதான். ஆக்குவோம்" என்றாள்.

ஆகவே நேற்று ஆக்கினோம். படிக்கட்டு முழுக்கச் செருப்பு. பங்குச் சாமியார் வந்தார், டோ சான் வந்தார், எனக்குத் தெரியாதவர்கள் பாதிப் பேர். எல்லாரும் பிரியாணியைப் பார்த்துவிட்டு, சிஸ்டர் ஆகிவிட்டாளா, படம் அனுப்பியிருக்கிறாளா என்று கேட்டார்கள். அப்பா கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா கரண்டியோடு நடுவில் வந்து நின்று, அவள் சிஸ்டர் ஆகவில்லை என்றாள். ஊர் என்ன சொல்லும் என்று எனக்கு உதறல்தான். டோ சான் முதலில் கேட்டார், அப்படியென்றால் இந்தச் சோறு எதற்கு என்று.

அம்மா பர்மியத்தில் சொன்னாள், பிறகு தமிழிலும் சொன்னாள், ஒருவரும் தவறவிடக் கூடாது என்று.

"எம் மக வீட்டுக்கு வர்றா. அதுக்குச் சோறு."

 டோ சான் தட்டை நீட்டினார், இன்னொரு கோழித் துண்டு கேட்டார். சாமியார் இரண்டாம் தடவை வாங்கினார். அவ்வளவுதான், அக்கா. மூன்று வாரமாக நாங்கள் பயந்த ஊர், கை கழுவிவிட்டுப் பல்குத்திக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டது.

உன் கட்டிலில் இரண்டு வருடமாக என் துணிகள் குடியிருந்தன. இன்று காலி செய்துவிட்டேன். அம்மா புதுப் போர்வை விரித்தாள், பிடிக்கவில்லை என்று எடுத்தாள், பழையதையே துவைத்து மறுபடி விரித்தாள். கூட நின்று ஓரத்தை இழுத்துவிட்டேன். விளக்கு இல்லாததால் இதை ஜன்னல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது வெளிச்சத்தின் தவறு.

பதில் போட வேண்டாம். திரும்பிப் படுத்துச் சொல், கேட்கிறேன்.

ஜாஸ்லின்